பாயின் அகலம்

கூண்டு அகலமாக இருப்பதைவிட உயரமாக இருக்க வேண்டும். தலைக்கு மேலே யாரும் இல்லை என்ற நிம்மதி இருந்தால்தான் பச்சோந்தி தூங்கும்.

அதனால் சுபிரா தன் மார்பளவு உயரத்துக்குச் சட்டம் அடித்தாள். கம்பி வலை நகத்தைப் பிய்த்துவிடும். கண்ணாடி போட்டால் காற்று புழுங்கும். முட்டைக்கோஸ் நாற்றுக்குப் போர்த்துகிற நைலான் வலையை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினாள்.

கிளைகளை விரல் தடிமனில் பார்த்துப் பொறுக்கினாள். அதன் பாதம் இடுக்கி மாதிரி. பிடிக்குள் அடங்காத கிளையில் வழுக்கும்.

"கீழே ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சிடவா அக்கா?" என்றாள் பிலி.

"வெச்சா வெச்சபடியே இருக்கும். அசையாத தண்ணி அது கண்ணுக்குத் தண்ணியே இல்லடி. இலை மேல உருளணும், மினுங்கணும். அப்பதான் நாக்கை நீட்டும்."

எண்ணெய் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் நூலைச் செருகிக் கூண்டின் மேல் கட்டினாள் சுபிரா. முதல் சொட்டு, உள்ளே வைத்திருந்த காப்பிச் செடியின் இலையில் விழுந்து உருண்டது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தின் மேலேயே அவளுக்கு எரிச்சலும் வந்தது.

அவர்கள் மொழியில் பிலி என்றால் இரண்டாவது. பிறந்த வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் வைத்த பெயர். ஷெகியோண்டோ அவளை இரண்டாவது மனைவியாகக் கூட்டிவந்தபோது, பெயருக்கேற்ற இடம்தான் என்று மலையூரான லுஷோட்டோவின் சந்தையே சிரித்தது. மூத்தவள் சுபிராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சமவெளியிலிருந்து மலைக்கு வந்த பிலி, வந்த நாளிலிருந்து இளைத்துக்கொண்டே போனாள். 'இடம் ஒத்துக்கலை போல' என்று ஷெகியோண்டோ கவலைப்பட்டான். அந்தக் கவலையும் சுபிராவுக்குப் பிடிக்கவில்லை.

ஒரே முற்றம். எதிரெதிரே இரண்டு வீடு. சுபிராவின் இறவாரத்தில் அவள் வளர்க்கும் கிழட்டுப் பச்சோந்தியின் கூண்டு தொங்கியது. மூக்கின் மேல் இரண்டு கொம்பு நீட்டிய ஆண். ஊர்க்காரர்கள் பச்சோந்தியைக் கண்டால் கெட்ட சகுனம் என்று வேறு பாதையில் போவார்கள். ஆனால் ஷெகியோண்டோ காட்டுக்கு வழிகாட்டி. காடு பார்க்க வருகிறவர்களை இந்தக் கிழவனின் முன்னால்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்துவான்.

கிழவனை சுபிரா தானே மரமேறிப் பிடித்தாள். பிலிக்கு ஒன்றை ஷெகியோண்டோவே பிடித்து, வாழையிலையில் பொதிந்து, மழையில் நனைந்துகொண்டு வந்து கையில் கொடுத்தான். இப்போதுதான் கொம்பு முளைக்கிற இளம் ஆண்.

இத்தனை வருஷத்தில் சுபிராவுக்கு அவன் ஒரு வெட்டுக்கிளிகூடப் பிடித்துத் தந்ததில்லை.

கூண்டின் நாலு காலையும் நாலு டப்பாத் தண்ணீருக்குள் நிறுத்தினாள், எறும்பு ஏறாது. காலை வெயில் பக்கவாட்டில் பாதிக் கூண்டுக்குத்தான் விழும். சூடு வேண்டுமானால் இந்தப் பாதி, போதும் என்றால் அந்தப் பாதி. அதுவே பார்த்து நகர்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் பிலிக்குச் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு ஆண் பச்சோந்திகள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. நடுவில் ஒரு பாயாவது தொங்க வேண்டும். காட்டில் என்றால் சிறியது விலகிப் போய்விடும். கூண்டில் போக்கிடம் இல்லை. பெரியதைப் பார்த்துப் பார்த்துக் கருக்கும், தீனியை விடும், பகலிலும் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு நாள் கீழே விழுந்து கிடக்கும். காயம் இருக்காது, நோய் இருக்காது.

'இடம் ஒத்துக்கலை போல' என்பான் ஷெகியோண்டோ.

அதற்கான பாய் சுபிராவின் வீட்டுக்குள் சுருட்டிக் கிடந்தது. அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, புதுக் கூண்டை பிலியின் ஜன்னலோரமாக, கிழவனுக்கு நேர் எதிரே தள்ளி நிறுத்தினாள்.

வேலைக்குக் கிளம்பிய ஷெகியோண்டோ கூண்டைச் சுற்றி வந்து பார்த்தான். "அடேயப்பா! சுபிரா கட்டுற கூண்டுல நானே குடியிருக்கலாம் போல."

"இருக்கிற ரெண்டு வீடு போதலையாக்கும்?"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காட்டுப் பாதையில் இறங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு கேட்டது.

பிலி சிரிக்கவில்லை. தன் பச்சோந்தியைக் கிளையில் ஏற்றிவிட்டாள். அதன் ஒரு கண் சொட்டும் தண்ணீரைப் பார்த்தது. மறுகண் தனியாகச் சுழன்று, முற்றத்தைத் தாண்டிப் போய், அங்கேயே நின்றது.

விலாப்பக்கத்துப் பச்சையில் கருப்பு ஏறத் தொடங்கியது.

"அக்கா, நடுவுல எதையாச்சும் தொங்கவிடலாமா?"

சுபிராவுக்குத் திக்கென்றது. இவளுக்கு யார் சொன்னது?

"எதுக்கு?"

பிலி தன் ஜன்னலைக் கைகாட்டினாள்.

"அங்கேருந்து உங்க அடுப்படி நல்லாத் தெரியும் அக்கா. அவரு உங்ககிட்ட வந்து உக்காந்து இப்படித்தான் சிரிப்பாரு. எங்கிட்ட ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்லை. களியை உருட்டிக் கையிலயே வெச்சுக்கிட்டுப் பாத்திட்டிருப்பேன். தொண்டையில இறங்காது." கூண்டு வலையை விரலால் தொட்டாள். "நானாவது எழுந்து பின்பக்கம் போயிடுவேன். இது எங்க போகும்?"

சுபிரா அவள் தோளைப் பார்த்தாள். போர்த்தியிருந்த துணி ஆணியில் மாட்டியதுபோல் எலும்பில் தொங்கியது. இத்தனை நாளும் மலைக் குளிரில்தான் இளைக்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்தாள். பிலியின் இறவாரத்தில் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டினாள். பாய் அகலமானது. கூண்டை மறைத்த பிறகும் நீண்டு, பக்கத்து ஜன்னலையும் முழுசாக மூடியது.

பிலி கத்தியோடு வந்தாள். "மிச்சத்தை அறுத்துடட்டுமா அக்கா?"

"இருக்கட்டும்" என்றாள் சுபிரா.