வழிக்கு ஒரு எலுமிச்சம்பழம்

மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு விற்கப்பட்டு மீட்கப்பட்ட ராமலட்சுமியை அன்று அரசுக் காப்பகத்திலிருந்து சொந்த ஊரான கம்பத்துக்கு அனுப்பத் தயாரானார்கள்.

“என்னைய வித்தவன் சிக்கிட்டானா மேடம்?”

“தேடிக்கிட்டிருக்கோம். நீ கிளம்பு,” என்றார் அதிகாரி.

வாசலில் நின்ற ஜீப்பைக் கண்டதும் அவள் பின்வாங்கினாள். “நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன்.”

“சர்க்கார் இவ்வளவு செஞ்சும் அடம்பிடிக்கிறியே! மீட்ட பொண்ணுங்களையெல்லாம் இந்த டிரைவர்தான் பத்திரமா வீட்ல கொண்டுபோய் விடுறார்.”

டிரைவர் இறங்கிவந்து எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டினான்.

“பாரு, எவ்வளவு அக்கறை!” அதிகாரி பூரித்துப்போனார்.

அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். “மோந்துக்கிட்டே வா தாயி. வேலை வாங்கித் தாரேன்னு உன்னைய மலையேத்திக் கொண்டாந்தப்ப சீட்டெல்லாம் வாந்தி எடுத்துட்டியே.”

ஜீப் இன்னும் கிளம்பவே இல்லை. ராமலட்சுமி அதிகாரியின் காலடியிலேயே வாந்தி எடுத்தாள்.