மூன்றாவது வெள்ளைக் கோடு

ஏழரை மணிக்கு பெனெடிக்தா வந்து நடைபாதை ஓரத்தில் நின்றாள். தலையில் வட்டத் தொப்பி. முதுகில் வண்ணத் துணியில் கட்டிய ஊதாச்சோளக் கஞ்சிப் பானை.

ரெமிஹியோ வரிக்குதிரை வேஷத்துக்குள் இருந்தான்.

சாலையில் ஆள் சாவதைக் குறைக்க லா பாஸ் நகராட்சிக்குத் தோன்றிய யோசனை இது. வேஷம் போட்டவர்கள் சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோட்டில் நின்று, நிற்காமல் வரும் வண்டிகளைக் கேலி செய்தே நிறுத்த வேண்டும். நடக்கிறவர்களைக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுவிட வேண்டும். போலீஸ்காரன் விசிலுக்கு மசியாத மினிபஸ்காரன்கூட வாலாட்டும் குதிரைக்கு நின்றுவிடுகிறான்.

கூட வேஷம் போடும் மூன்று பேரும் நேற்றுப் பள்ளி முடித்த பிள்ளைகள். முப்பத்தைந்து வயது ரெமிஹியோ அவர்களுக்குக் கிழட்டுக் குதிரை. வேறு யார் கை நீட்டினாலும் பெனெடிக்தா வரமாட்டாள், இவன் வரும்வரை நிற்பாள். அவளுக்கு இவன்மேல் ஒரு கண் என்று அதற்கும் கிண்டல். அவன் சிரிப்பதில்லை. குதிரைத் தலைக்குள் இருப்பதால் அது யாருக்கும் தெரிவதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கோட்டில் பெனெடிக்தாவின் மகள் நயேலி செத்துப்போனாள். ஒன்பது வயது.

மூலையில் நின்ற சவாரிகளைப் பிடிக்க இன்னொரு மினிபஸ்ஸை முந்திக்கொண்டு பறந்த வண்டியை ஓட்டியவன் ரெமிஹியோ.

ஜெயில் முடிந்து வந்தான். உரிமம் போய்விட்டது. நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தபோது எந்தச் சந்திப்பு வேண்டும் என்று கேட்டார்கள். இதைச் சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே இன்னும் விளங்கவில்லை.

ஐந்து மாதமாக அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். முதல் நாள் அழுதுவிடுவோம் என்று பயந்தான். அழுகை வரவில்லை, வேர்வைதான் வந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். தலையைக் கழற்றிவிட்டு, நான்தான் என்று. அவள் அறையலாம், காறித் துப்பலாம். எதுவானாலும் சரி. அவளுக்குத் தெரியாமல் அவள் கையைப் பிடிப்பது இனி அவனால் ஆகாது.

வண்டிகளுக்குச் சிவப்பு விழுந்தது. கையை நீட்டினான். பற்றிக்கொண்டாள்.

மூன்றாவது கோட்டில் வழக்கம்போல நின்று பானை முடிச்சை இறுக்கினாள். தினமும் இங்கேதான் நிற்பாள். பாரம், மூச்சு வாங்குகிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

நயேலி கிடந்த இடம் அது.

ரெமிஹியோ இரண்டு கையாலும் குதிரைத் தலையைப் பிடித்தான். கழுத்துக் கொக்கி விடுபட்டது.

அவள் கை மேலே வந்து தலையைத் திரும்ப அழுத்தி இறக்கியது.

"கழட்டாத. உன் மூஞ்சிய கோர்ட்ல பாத்தது போதும்."

முதல் நாள் காலையில் இந்தத் தெருவோரத்தில் வைத்துத்தான் வேஷத்தை மாட்டினான். அப்போதே அவள் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் வேறு குதிரையோடு போனதே இல்லை.

கழுத்துக் கொக்கியை அவளே மாட்டிவிட்டாள்.

"நாளைக்கும் நீதான் வரணும். இதே கோட்டுல நிக்கணும்."

விளக்கு மாறும் நேரம். முன்னால் நின்ற மினிபஸ் உறுமிக்கொண்டே கோட்டைத் தொட்டது.

ரெமிஹியோ அதன் எதிரில் போய் நின்று வாலை ஆட்டினான். அவள் தன் நடையிலேயே நடந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாள்.