வடை வாசம்

பிணம் தெருவைத் தாண்டும்வரை எங்கள் தெருவில் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. இறந்துபோன கோமதிநாயகத்தை அமரர் ஊர்தியில் ஏற்றி, ஓட்டுநர் இன்ஜினை முடுக்கியதுமே சுடச்சுட வடை வாசம் வந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்த கூட்டம் அழுகையை நிறுத்தி எச்சில் விழுங்கியது. கோமதிநாயகத்தின் தம்பி சங்கிலிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டோடு அவர்களுக்குப் பல வருடமாகப் பேச்சில்லை.

"ஏட்டி, எளவு வீட்டுக்கு எதுத்தாப்ல வடையா சுடுத? எங்கண்ணன் போனது ஒனக்குக் கொண்டாட்டமா?" என்று கத்திக்கொண்டே எதிர்வீட்டுக் கதவை உதைத்து உள்ளே போனார்.

அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பக்கத்தில் செண்பகம் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்க பொணம் கெடக்கையில நான் எப்படி அண்ணாச்சி அடுப்பு பத்த வைப்பேன்? பிள்ளைக்கே பச்சத் தண்ணிதான் குடுத்தேன்."

வெளியே ஓட்டுநர் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார்: "ஓட்டல்ல வடை சுட்டு மிஞ்சுன எண்ணெயிலதான் இந்த வண்டி ஓடுது அண்ணாச்சி. டீசல் மாதிரி கரும்புகையே வராது."

அது சங்கிலிக்கும் கேட்டது, செண்பகத்துக்கும் கேட்டது. பெயர்ந்து தொங்கிய தாழ்ப்பாளை அவர் ஒருமுறை பார்த்தார்.

"பொணம் போகுது, கதவச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வண்டி நகர்ந்தது. சாத்திய கதவைச் செண்பகம் முதுகால் முட்டுக்கொடுத்து நின்றாள். பிள்ளை, "எனக்கு வடை" என்று அழத் தொடங்கியது.