பிடித்து நடக்க ஒரு கை

அந்த முதியோர் இல்லத்தில் உணரிகள் பதித்த தரையே எல்லாருடைய நடையையும் அளந்து மதிப்பெண் சொன்னது. அறுபது மதிப்பெண்ணைத் தாண்டியவர்களைக் கைபிடித்து நடத்த ஆள் வராது. ஆறு வாரப் பயிற்சியில் நன்றாகத் தேறியிருந்த ஆரோக்கியசாமி, அன்றைய சோதனையில் வேண்டுமென்றே நொண்டினார்.

"அறுபத்து நான்கு. காலில் வலி இல்லை," என்றது தரை.

பயிற்சி கொடுத்த புளோரா, பிடித்திருந்த கையை விட்டாள். "பாஸாயிட்டீங்க அங்கிள்! இனிமே தனியாவே நடக்கலாம்."

"நீ வரமாட்டியாம்மா?"

"விடமாட்டாங்க அங்கிள். நாளையிலேர்ந்து ருக்மாங்கதன் சாருக்குப் பயிற்சி கொடுக்கப் போகணும்."

ஆறு வாரமாக ஆரோக்கியசாமியைத் தொட்டவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை, புளோரா ருக்மாங்கதனைத் தாங்கிப் பிடித்து வராந்தாவில் மெல்ல நடத்திப் போனாள். நாலடி பின்னால், அவர்களை முந்திவிடாமல், ஆரோக்கியசாமியும் நடந்துகொண்டிருந்தார்.