சிவப்புக் கடல்

"நீலம் தீர்ந்துபோச்சுங்க. சாயம் கொண்டுவர்ற படகு வர்ற வரைக்கும் கடல் சும்மா கிடக்குமா?" என்று சிரித்தபடி மனைவி படத்துக் கடலுக்குச் சிவப்பைத் தீட்டியதுதான் கடைசி, அன்று மாலையே மாரடைப்பு. மூன்று வாரம் கழித்து, அக்கரையிலிருந்து வந்திருக்கும் கண்காட்சிக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் படத்தின்முன் தலையைச் சாய்த்து நிற்கிறார். "அம்மாவுக்கு யார்மேல சார் இவ்வளவு கோபம்?" "கோபமா? படகு லேட்டு, அவ்வளவுதான்," என்கிறார் கணவர். கண்காட்சிக்காரர் நம்பவில்லை. "எனக்குத் தர்றேன்னு அம்மா சொன்ன படம்தானே, இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடறேன்" என்று ஓரத்தைப் பிடிக்கிறார். கணவருக்கு மனைவி கொடுத்த வாக்கை மறுக்கவும் முடியவில்லை, படத்தைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. "ஐயோ, ஒட்டுதே!" என்று வந்தவர் விரலைப் பார்க்கிறார். உப்புக்காற்றில் ஊறும் இந்தத் தீவில் எண்ணெய்ச்சாயம் லேசில் காய்வதில்லை. "காயட்டும், அப்புறம் வாங்க," என்று அனுப்பிவிட்டுக் கணவர் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார். அவள் தீட்டிய அன்று இருந்ததுபோலவே கடல் ஈரமாக இருக்கிறது.