ஓட்டை நாற்காலி

நிரஞ்சனாவின் வரவேற்பறையில் இருந்த அந்த இரும்பு நாற்காலி, எழுபது வருடங்களுக்கு முன்னால் ஏதோ வெளிநாட்டுத் தொழிற்சாலையின் கேன்டீனுக்காக, தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டுச் செய்தது. இப்போது அதில் யாரும் உட்காருவதில்லை. துடைக்கும்போது வீட்டு வேலை செய்யும் பவளக்கொடியின் விரல் ஓர் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது. எண்ணெய் விட்டார்கள், சோப்பு தடவினார்கள். விரல் வீங்கியதே தவிர வெளியே வரவில்லை. தீயணைப்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, தகட்டை வெட்டினால் இரண்டு நிமிட வேலை என்றார்.

"கொஞ்சம் இருங்க. உலகத்துலயே இந்த மாதிரி நாப்பதுதான் இருக்கு. வீட்டுக்காரரைக் கேட்டுடறேன்," என்று நிரஞ்சனா போனை எடுத்தாள். மும்பையில் மீட்டிங்கில் இருந்த அவர் எடுக்கவில்லை.

"பவளம், ரொம்ப வலிக்குதா?"

நகம் நீலமாகிக்கொண்டிருந்தது. வலி தோள்வரை ஏறியிருந்தது. பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் வீடு.

"பரவால்லக்கா. சார்கிட்ட கேட்டுக்கங்க," என்றாள் பவளக்கொடி. சொன்ன பிறகுதான், தன் வாயா அப்படிச் சொன்னது என்று திகைத்தாள்.

தீயணைப்புக்காரர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வெட்டும் கருவியைத் தரையில் வைத்தார். நிரஞ்சனா பக்கத்தில் மண்டியிட்டு அவளுக்குத் தம்ளரில் தண்ணீர் புகட்டினாள். இன்னொரு கையில், மறுபடி அவருக்குப் போட்ட போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.