மூன்றாவது மலையில் மழை

மாதத்துக்கு ஒரு மலையாக மூன்று மலைகளில் ஓட்டப் பந்தயம். மூன்றையும் ஓடி முடித்தால்தான் மாலை. முதல் இரண்டிலும் வெள்ளாடு முதலில் வந்தது, எருமை கடைசியில் வந்தது.

மூன்றாவது மலையில் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மற்ற விலங்குகளெல்லாம் வீடு திரும்பின. ஆடு பாறை இடுக்கில் ஒண்டி நடுங்கியது. வெகுநேரம் கழித்து எருமை சேற்றை மிதித்தபடி வந்தது.

“ஏ எருமை, மழை பெய்யிறது தெரியலையா?”

“தெரியுது. அது பாட்டுக்குப் பெய்யட்டும், நான் என் பாட்டுக்குப் போறேன்.”

‘எருமை மேல மழை பேஞ்ச மாதிரி’ என்று ஆடு எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறது. இன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தது.

“அண்ணே, நானும் வரட்டுமா?”

“வா. என் வயித்துக்கடியில நட, நனைய மாட்டே.”

எல்லைக் கயிறு தெரிந்தபோது ஆடு ஒரே தாவலில் முந்தியிருக்கலாம். எருமையின் கொம்பு கயிற்றில் படும்வரை நின்றுவிட்டு, அப்புறம்தான் காலை எடுத்து வைத்தது.